வலி தெரியாமப் பொறந்த பொண்ணு

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
9-2-1983, புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் கோவிந்தராசு அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை செல்வாம்பாளின் கணவன் பலராமன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் மூவரும் சுகம். மூவர் என்று எழுதுவது இதுவே முதல் தடவை ஆகையால் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து ஒரு நிமிடம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்விடம் தாங்களும், வீட்டில் உள்ளவர்களும், விழுப்புரம் ஜங்ஷனில் தாங்கள் கொடி காட்டி அனுப்பும் சகல வண்டிகளும் சேதமில்லாமல் போய்ச் சேர அம்மன் துணை இருக்க வேண்டும்.

தங்கள் கடிதம் நேற்று மதியம் கிடைத்தது. எப்போதும் "மாப்ளே" என்று ஆரம்பிக்கிற தாங்கள் இந்தத் தடவை "பலராமனுக்கு" என்று ஆரம்பித்திருந்தீர்கள். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியைப் படித்து முழுதும் விளங்கியது. தங்கள் தெரு வேம்பு, தன் சித்தி மகளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர், எங்கள் வார்டுக்குள்ளும் தலையை நீட்டி அரை நிமிடம் பார்த்துவிட்டு, அந்த அரை நிமிடத்தோடு சித்தி மகள் சொன்னதையும் சேர்த்து விழுப்புரத்துக்கு எடுத்துவந்து அரை மணி நேரம் சொல்லியிருக்கிறார். அதன்படி என் மேல் மூன்று குற்றம். ஒன்று, வயிற்றை அறுத்துப் பெத்தவளை மறுநாளே நான் நடக்க வைத்தேன். இரண்டு, அவள் வயிற்றில் மாட்டுக்குக் கட்டுவதுபோல் பட்டை கட்டினேன். மூன்று, அவள் கண்ணீர் விட்டு அழும்போது நானும் கூட இருந்தவர்களும் சுற்றி நின்று சிரித்தோம். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் தாங்கள் வந்து தங்கச்சியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போகப்போகிறீர்கள், தடுக்க எனக்கு வாய் இருக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சான், வாய் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். குழந்தை குறுக்கே படுத்திருக்கிறது, இனிமேல் பொறுக்க முடியாது என்று டாக்டர் சொல்லி, போன மாசம் இருபதாம் தேதி காலையில ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க இல்லையா, அன்னைக்குச் சாயங்காலம் நீங்க ட்யூட்டி மாத்திக்கிட்டு ஓடிவந்தீங்க. பொண்ணைப் பாத்தீங்க, மூக்கு உங்க மூக்குன்னு சொன்னீங்க, நானும் சண்டை போடாம ஒத்துக்கிட்டேன். அப்போ செல்வாம்பாள் தலைமாட்டுல நின்னுக்கிட்டு நான் உங்ககிட்ட, "குடுத்து வெச்சவ மச்சான், வலியே தெரியாமப் பெத்துட்டா"ன்னு சொன்னேன். நீங்க, "ஆமா மாப்ளே, எல்லாம் மருந்து செய்யற வேலை"ன்னு தலையாட்டினீங்க. ரெண்டு பேரும் கைகுலுக்கிக்கிட்டோம். என் அக்கா ஆதிலட்சுமி, அரியாங்குப்பத்துலேர்ந்து பத்தியம் பாக்க வந்தவ, "எங்க காலத்துல இப்படி ஒண்ணு இருந்திருந்தா நானும் படுத்துக்கிட்டே பெத்திருப்பேன்"னா. செல்வாம்பாள் கண்ணை மூடிக்கிட்டு "ஆமா"ன்னா. அந்த "ஆமா"வாலதான் இத்தனையும் வந்தது. இதுல உங்களுக்கும் பங்கு இருக்குன்னு பணிவோடு சொல்லிக்கிட்டு முதல் குற்றத்துக்கு வர்றேன்.

நடக்க வெச்சது நான் இல்ல, சிஸ்டர் அஞ்சலாட்சி. அந்த வார்டுல பன்னெண்டு கட்டில், பன்னெண்டுக்கும் அவங்கதான் ராணி. ஆளு கட்டையா இருப்பாங்க, சத்தம் போட மாட்டாங்க, ஆனா அவங்க வர்ற செருப்புச் சத்தம் கேட்டா குழந்தைங்க கூட அழறதை நிறுத்திடும். ஆபரேஷனுக்கு மறுநாள் அவங்க என்கிட்ட சொன்னாங்க: வயித்தைத் திறந்து மூடினா குடல் கொஞ்ச நாளு கோவிச்சுக்கிட்டு வேலை செய்யாது, காத்து உள்ளேயே நின்னுடும், தையல் வலியை விட இந்தக் காத்து வலிதான் ஆளைக் கொல்லும், காத்து பிரிஞ்சாத்தான் கஞ்சி குடுப்போம், நடந்தாத்தான் காத்து பிரியும். பிரிஞ்ச உடனே எனக்குச் சொல்லுங்கன்னாங்க. சரின்னு நானும் பொறுப்பை ஏத்துக்கிட்டேன். என் தொழில் உங்களுக்குத் தெரியும் மச்சான். பதினாலு வருஷமா மில்லுல தறிப் பக்கம். நானூறு தறி ஓடற எடத்துல பக்கத்து ஆள்கிட்ட தீப்பெட்டி கேக்கணும்னாலும் கத்தித்தான் கேக்கணும். அதனால என் காதும் மந்தம், ரகசியம் பேசறதா நெனச்சு நான் பேசினா தெருக்கோடி வரைக்கும் போவும். நான் செல்வாம்பாள் காதோரம் குனிஞ்சு, ரொம்ப மெதுவா, "காத்து பிரிஞ்சுதா?"ன்னு கேட்டேன். வார்டு பூரா அமைதியாயிடுச்சு. பக்கத்துக் கட்டில்ல சின்னப்பாப்பான்னு ஒரு பொம்பளை, பிள்ளைச்சாவடிக்காரங்க, வீட்டுக்காரரு கடலுக்குப் போறவரு, இவளுக்கு ஆபரேஷன் ஆன அதே நாள்ல அவங்களுக்கும் ஆச்சு. அவங்க சொன்னாங்க, "எனக்கு விடிகாலையிலேயே ஆயிடுச்சு அண்ணே. உங்க வூட்டம்மாவுக்குத்தான் இன்னும் இல்ல. நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்." செல்வாம்பாள் போர்வையை இழுத்துத் தலையோட மூடிக்கிட்டா.

அதுக்கப்புறம் அந்த வார்டுக்கே அதுதான் கவலை. கூட்டிப் பெருக்கற ஆயம்மா உள்ள வந்ததும் "ஆச்சா?"ன்னு கேக்குது. எதிர்க் கட்டிலுக்குச் சாப்பாடு கொண்டு வந்த ஒரு பெரியவர் யார் என்னன்னு தெரியாம, "எல்லாம் நல்லபடியா பிரியும் தம்பி"ன்னு என் தோளைத் தட்டிட்டுப் போறார். வயிறு உப்பி, முகம் வெளுத்து, செல்வாம்பாள் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கா. சிஸ்டர் வந்து ஒரு தலையணையை எடுத்து அவ வயித்து மேல வெச்சு, "இதை ரெண்டு கையாலயும் அணைச்சுப் புடி. நேரா எழுந்திருக்காத. ஒருக்களிச்சுப் படு, காலைக் கீழ விடு, முழங்கையை ஊனி எழு. இருமினாலும் தும்மினாலும் தலையணையை விடாத"ன்னு சொல்லிக்குடுத்தாங்க. அவ எழுந்து நிக்கறதுக்குள்ள எனக்கு வேர்த்துப் போச்சு. ஒரு தோளை நான் புடிச்சேன், ஒரு தோளை அக்கா புடிச்சா. அக்கா, "அய்யோ, தையல் பிரிஞ்சுடும், அய்யோ, குடல் கீழ விழுந்துடும்"னு சொல்லிக்கிட்டே வர்றா. வராந்தாவுல பதினாலு அடி. பதினாலாவது அடியில, பெரிய டாக்டர் மாணவங்க ஆறேழு பேரோட எதிர்ல வந்துக்கிட்டிருக்கும்போது, மச்சான், காரியம் ஆயிடுச்சு. நான் சந்தோஷத்துல, எனக்கே தெரியாம, தறிக் குரல்ல, "சிஸ்டர், பிரிஞ்சுடுச்சு"ன்னு சொல்லிட்டேன். வார்டுக்குள்ளேர்ந்து பதினோரு பொம்பளைங்களும் "அப்பாடா"ன்னாங்க. டாக்டரு நின்னு, "குட்"னார். கஞ்சி வந்தது. இதுதான் மச்சான் நான் நடக்க வெச்ச கொடுமை. செல்வாம்பாள் மட்டும் ரெண்டு நாள் எனக்கு முகம் குடுக்கல. அதுக்குக் காரணம் வலி இல்லன்னு உங்களுக்குப் புரியும்.

அடுத்தது நீங்க எழுதாத குற்றம். வேம்பு பாக்காததால உங்களுக்குத் தெரியாது. ஆனா உண்மையில நான் செஞ்ச குற்றம் அது ஒண்ணுதான், அதையும் மறைக்காம எழுதிடறேன். முதல் ஒண்ணரை நாள் வலிக்கு ஊசி போட்டாங்க. அப்புறம் மாத்திரை. வேளைக்கு ஒண்ணா சிஸ்டர் கையில குடுத்துட்டுப் போவாங்க. மூணாம் நாள் பாத்தா, சின்னப்பாப்பா தானே எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கிட்டு வர்றாங்க, குழந்தையைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டு மத்தவங்களோட கதை பேசறாங்க. இவ என்னடான்னா கட்டையாட்டம் கெடக்கா. குழந்தைக்குப் பால் குடுக்க ஒருக்களிச்சா நெத்தியில வேர்வை முத்து முத்தா நிக்குது. "வலிக்குதா?"ன்னா "ஒண்ணுமில்ல"ங்கறா. அதே டாக்டர், அதே நாள், அதே கத்தி. அக்கா சொன்னா, "அவங்க மீன் திங்கறவங்க, ஒடம்பு உறுதி. இவ ரசஞ்சோறு." நானும் அப்படித்தான் இருக்கும்போலன்னு மறுநாள் மார்க்கெட்டுல சுறா வாங்கி அக்காகிட்ட குடுத்து, பூண்டு போட்டுப் புட்டு செஞ்சு வாங்கிட்டு வந்தேன். செல்வாம்பாள் அதுல ரெண்டு வாய் சாப்பிட்டா. வலி போகல.

சாயங்காலம் சின்னப்பாப்பாவோட வீட்டுக்காரரு வந்தாரு. காத்தவராயன்னு பேரு, தேக்கு மரம் மாதிரி ஒடம்பு. அவரு நேரா செல்வாம்பாள் கட்டில்கிட்ட வந்து ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாரு. "உன்னால நான் பொழைச்சேன் தங்கச்சி"ன்னாரு. நான் திகைச்சுப் போய், "என்னா சமாசாரம்?"னு கேட்டேன். "ஆறு மாசமா இடுப்பு வலி அண்ணே, குனிஞ்சா நிமிர முடியாது, வலையில கை வெக்க முடியல. மூணு வேளை மாத்திரை போட்டேன், நேத்தும் இன்னைக்கும் நாலு ஆளு இழுக்கற வலையை நான் ஒருத்தன் இழுக்கறேன். இன்னும் இருந்தா குடுங்க, நாளைக்கு வஞ்சிரம் கொண்டாரேன்"னாரு. சின்னப்பாப்பா கண்ணால ஜாடை காட்டறாங்க, அவரு நிறுத்தல. எனக்கு மெதுவாத்தான் ஏறுச்சு. செல்வாம்பாள் பக்கம் திரும்பினேன். அவ சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டா. சிஸ்டர் குடுத்த மாத்திரையை வாயில போடற மாதிரி கையில மறைச்சு, சிஸ்டர் அந்தாண்ட போனதும் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளிவிட்டிருக்கா. சின்னப்பாப்பா தன்னோடதைத் தான் போட்டுக்கிட்டு, இவளோடதைப் புருஷனுக்குச் சேத்து வெச்சிருக்காங்க. என் பொண்டாட்டி வலிக்குக் குடுத்த மருந்துல பிள்ளைச்சாவடிக்காரரு மீன் புடிச்சிருக்காரு மச்சான்.

காத்தவராயன் போனப்புறம் நான் கட்டில் ஓரம் உக்காந்து, "ஏன் இப்படிப் பண்ணே?"ன்னு கேட்டேன். சுவத்துப் பக்கத்துலேர்ந்து மெதுவாத் திரும்பினா. அப்புறம் சொன்னா: "இங்கிலீஷ் மாத்திரை முழுங்கினா பால் வத்திடும்னு உங்க அக்கா சொன்னாங்க. அதோட நீங்க வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் வலி தெரியாமப் பெத்துட்டா, வலி தெரியாமப் பெத்துட்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. அண்ணனும் ஆமான்னாரு. அதுக்கப்புறம் எனக்கு வலிக்குதுன்னு எந்த வாயால சொல்றது? அஞ்சு பெத்தவங்க எதிர்ல நிக்கிறாங்க. நான் என்னவோ நோகாம வாங்கிக்கிட்டு வந்த மாதிரி இருந்தது." அப்புறம் என் கையை எடுத்துத் தையலுக்குப் பக்கத்துல, தொடாம, மேலாக வெச்சுக்காட்டி, "இங்கேர்ந்து இது வரைக்கும் நெருப்பு வெச்ச மாதிரி இருக்கு. மூச்சு வாங்கினா இழுக்குது. குழந்தை எட்டி உதைச்சா உயிர் போவுது"ன்னா. மச்சான், தறியில நூல் அறுந்தா அந்தச் சத்தத்துலயும் எனக்குத் தெரியும், எந்தத் தறின்னு கூடச் சொல்லுவேன். எனக்கு முன்னாடி மூணு நாளா ஒருத்தி பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தது தெரியல. அன்னைக்கு நான் பட்ட வெட்கத்தை நீங்க எத்தனை லெட்டர் போட்டுத் திட்டினாலும் ஈடு செய்ய முடியாது.

நேரா சிஸ்டர் அஞ்சலாட்சிகிட்ட போய் நடந்ததைச் சொன்னேன். எனக்கும் திட்டு, சின்னப்பாப்பாவுக்கும் திட்டு, ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் முழுங்கி ஏதாவது ஆனா யார் பதில் சொல்றதுன்னு. செல்வாம்பாளை மட்டும் திட்டல. அவகிட்ட சொன்னாங்க: "வலி உச்சிக்குப் போனப்புறம் மாத்திரை போடறது, போன பஸ்ஸைத் தொரத்திக்கிட்டு ஓடற மாதிரி. முன்னாடியே போய் ஸ்டாப்புல நிக்கணும். வேளை தவறாமப் போடு. பால் குடுக்கற தாய்க்குன்னு பாத்துத்தான் டாக்டர் எழுதியிருக்காரு. வலியில நீ சுருண்டு கெடந்தாத்தான் பால் இறங்காது." அக்கா அங்கதான் நின்னுக்கிட்டிருந்தா. "நான் அஞ்சு பெத்தேன் சிஸ்டர். அஞ்சும் வீட்டுலதான். ஒரு ஊசி இல்ல, ஒரு மாத்திரை இல்ல"ன்னா. சிஸ்டர் அவளை ஒரு ஸ்டூல்ல உக்கார வெச்சாங்க. "சரிக்கா. வலிச்சுதா?"ன்னு கேட்டாங்க.

அக்கா "இல்ல"ன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தா, நான் பாத்தேன். சொல்லல. "மூணாவதுக்கு ரொம்பக் கஷ்டம். பொறந்த அன்னைக்குச் சாயங்காலமே மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன். குனிஞ்சவ நிமிர முடியல. தொட்டியைப் புடிச்சுக்கிட்டு நின்னேன், எவ்ளோ நேரம்னு தெரியல. வூட்டுல எல்லாரும் இருந்தாங்க. யாரும் என்னான்னு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்"னா. எங்க அக்கா அழுது நான் பாத்ததில்ல, அன்னைக்கும் அழல. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு எழுந்தா, சிஸ்டர் கையில இருந்த மாத்திரையை வாங்கினா, டம்ளர்ல தண்ணி ஊத்தினா. "இந்தா, முழுங்கு. பால் வத்தினா நான் பொறுப்பு"ன்னா. செல்வாம்பாள் முழுங்கினா. ஒரு மணி நேரத்துல, மச்சான், அவ முகம் பழையபடி அவ முகமா ஆச்சு. குழந்தையை வாங்கி மடியில போட்டுக்கிட்டுப் பால் குடுத்தா. பால் வத்தவும் இல்ல, இறங்கி வந்து குழந்தைக்குப் பொறை ஏறுச்சு.

அதோட முடிஞ்சுதான்னா, இல்ல. எங்க அக்கா எதையும் பாதியில நிறுத்தறவ இல்லன்னு உங்களுக்கே தெரியும், எங்க கல்யாணத்துல பந்தி விசாரிச்சவ அவதான். மறுநாள் அரியாங்குப்பத்துக்குப் போய் அவ வூட்டு அலாரம் கடிகாரத்தைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு வந்தா. ஆத்துப் பாலத்து மேல பஸ்ஸுல வரும்போதே அது அடிக்க ஆரம்பிச்சு, நிறுத்தத் தெரியாம இடுப்புல அமுக்கிக்கிட்டு வந்திருக்கா. கண்டக்டர் வண்டியை நிறுத்தி இறங்கி டயரைப் பாத்தாராம். வார்டுல அந்தக் கடிகாரம் அடிச்சா செல்வாம்பாள் மட்டுமில்ல, பன்னெண்டு பொம்பளைங்களும் கையை நீட்டுவாங்க. சிஸ்டர் முதல்ல கடிகாரத்தைத் தூக்கி வெளிய வெக்கணும்னாங்க, ரெண்டு நாள் கழிச்சு, "இதை இங்கேயே விட்டுட்டுப் போறீங்களா?"ன்னு கேட்டாங்க.

இப்போ இரண்டாவது, மூணாவது குற்றம். ரெண்டையும் சேத்தே சொல்லணும், ஏன்னா ரெண்டும் ஒரே சமயத்துல நடந்தது, வேம்பு தலையை நீட்டினதும் அப்போதான். மாத்திரையில வலி அடங்கினாலும் நடக்கும்போது வயிறு தனியாக் குலுங்கற மாதிரி இருக்குன்னு செல்வாம்பாள் சொன்னா. அக்கா பழம் புடவையைக் கிழிச்சுக் கட்டினா, நழுவிடுச்சு. இறுக்கிக் கட்டினா மூச்சு முட்டுது. எங்க பக்கத்து வூட்டு தேவதாஸை, தெருவே பிரெஞ்சு மரியாதையில முசேன்னு கூப்பிடுமே, அவரை உங்களுக்குத் தெரியும், பிரெஞ்சுப் பட்டாளத்துல சைகோன் வரைக்கும் போயிட்டு வந்த சொல்தா. பென்ஷன்காரரு, காலையில எழுந்ததும் பூட்ஸ் மாட்டிக்கிட்டுத்தான் பல் விளக்குவாரு. அவரு குழந்தையைப் பாக்க வந்தப்போ இதைக் கேட்டாரு. மறுநாள் ஒரு டிரங்குப் பெட்டி வாசனையோட வந்து நின்னாரு, கையில சிவப்புக் கம்பளித் துணி, முழக்கணக்குல நீளம். பட்டாளத்துல இதை இடுப்புல சுத்துவாங்களாம், சென்த்தூர்னு பேராம், சுத்தினா முதுகும் வயிறும் கல்லு மாதிரி நிக்குமாம். சிஸ்டர் தொட்டுப் பாத்துட்டு, "சுத்தமாத் துவைச்சு, தையல் மேல வெள்ளைத் துணி வெச்சு, ரொம்ப இறுக்காம, நடக்கற நேரத்துக்கு மட்டும் கட்டலாம்"னாங்க. ஆக, பட்டை கட்டினதுக்கு ஆஸ்பத்திரி அனுமதி உண்டு. மாட்டுப் பட்டை இல்ல, பிரெஞ்சுக்காரன் பட்டை.

ஆனா அதை எப்படிச் சுத்தறதுன்னு காட்டணுமே. முசே பொம்பளைங்க மேல கை வெக்க மாட்டேன்னுட்டாரு, நியாயம்தான். "பலராமா, நீ வா"ன்னாரு. பட்டாள முறைப்படி துணியோட ஒரு முனையை ஒருத்தர் விறைப்பாப் புடிச்சுக்கிட்டு நிக்கணும், இன்னொருத்தன் அடுத்த முனையை இடுப்புல வெச்சுக்கிட்டு தானே சுத்திக்கிட்டே வரணும். முசே வார்டோட அந்தக் கோடியில அட்டென்ஷன்ல நின்னு துணியைப் புடிச்சாரு, பிரெஞ்சுல என்னவோ கட்டளை போட்டாரு. நான் இந்தக் கோடியிலேர்ந்து பம்பரமாட்டம் சுத்திக்கிட்டே போனேன். பாதி தூரத்துல தலை கிறுகிறுன்னு வந்தது. நிறுத்தலாம்னு பாத்தா முசே "விடாத, விடாத"ங்கறாரு, துணி இழுக்குது. கடைசிச் சுத்துல நேரா அவரு மேல போய் மோதி, ரெண்டு பேரும் அதே துணிக்குள்ள சுருண்டு, கஞ்சிப் பாத்திரம் வெச்சிருந்த பெஞ்சு மேல உக்காந்துட்டோம். நான் எழுந்திருக்கத் தெரியாம, சிஸ்டர் செல்வாம்பாளுக்குச் சொல்லிக்குடுத்த மாதிரியே ஒருக்களிச்சுக் காலை விட்டு முழங்கையை ஊனி எழுந்தேன். அதைப் பாத்ததும் உங்க தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கல்யாணம் ஆகி ஆறு வருஷத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. சிரிச்சா தையல் இழுக்குது, இழுத்தா அழுகை வருது, அழுதுக்கிட்டே சிரிக்கறா. தலையணையை வயித்துல அணைச்சுக்கிட்டு, "நிறுத்தச் சொல்லுங்க, யாராவது அவரை அந்தாண்ட கூட்டிக்கிட்டுப் போங்க, நான் செத்துடுவேன்"னு கத்தறா. சின்னப்பாப்பா தன் வயித்தைப் புடிச்சுக்கிட்டு, "அண்ணே, என் தையலும் போவுது"ங்கறாங்க. வேம்பு தலையை நீட்டினது இந்த நேரம்தான். அவரு பாத்தது பொய் இல்ல மச்சான். கண்ணீர் இருந்தது, சிரிப்பு இருந்தது, பட்டை கட்டின ஆளும் இருந்தான். ஆனா பட்டை என் இடுப்புல இருந்ததுன்னும், சிரிச்சவளும் அழுதவளும் ஒருத்திதான்னும் அவரு நின்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு சாயங்காலம் சிஸ்டர் என் பேரைச் சொல்லி, தையல் பிரிக்கற வரைக்கும் இந்த ஆள் வராந்தாவுலதான் நிக்கணும், உள்ள விடக்கூடாதுன்னு ஆயம்மாகிட்ட சொல்லிட்டாங்க. நானும் ரெண்டு நாள் ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டுத்தான் என் பொண்ணைப் பாத்தேன்.

எட்டாம் நாள் தையல் பிரிச்சாங்க. புண் சுத்தமா ஆறியிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. வீட்டுக்கு வந்த முதல் நாள் அக்கா சந்தோஷத்துல மிளகாயைக் கிள்ளித் தாளிச்சுட்டா, செல்வாம்பாளுக்குத் தும்மல் மேல தும்மல். நான் தலையணையை எடுத்துக்கிட்டு ஓடி, பதட்டத்துல என் வயித்துல அணைச்சுக்கிட்டு நின்னேன். அன்னையிலேர்ந்து எங்க வூட்டுல காரம் கொல்லைப்பக்கம்தான். தண்ணிக் குடம் தூக்கறது, துணி துவைக்கறது எல்லாம் நான். முந்தாநாள் மாத்திரையைக் குறைச்சாங்க, இப்போ ராத்திரி படுக்கும்போது ஒண்ணு மட்டும்தான். நேத்து அவளே எழுந்து வாசல் வரைக்கும் போய் முசேவுக்கு குழந்தையைக் காட்டிட்டு வந்தா. இப்போ நான் யார்கிட்டயும் வலி தெரியாமப் பெத்தான்னு சொல்றதில்ல. மில்லுல ஒருத்தன் அப்படிச் சொன்னான், அவனைத் தறிச் சத்தத்துக்கு மேல கத்திப் பத்து நிமிஷம் திட்டினேன். மேஸ்திரி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, அவரு சம்சாரத்துக்கும் போன வருஷம் அதே ஆபரேஷன்னும், தான் ஒரு நாள் கூட வலிக்குதான்னு கேட்டதில்லைன்னும் சொல்லிட்டு, போய் வேலையைப் பாருன்னாரு.

ஆகவே மச்சான் அவர்களே, மூன்று குற்றத்துக்கும் விளக்கம் எழுதிவிட்டேன். நான்காவதை நானே ஒப்புக்கொண்டேன். இந்த நிலையில் அவளை வண்டியில் ஏற்றிக் குலுக்கி விழுப்புரம் கொண்டுபோவது உசிதமில்லை. இங்கே அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. அவளுக்கும் இங்கிருந்து போக வேண்டும் என்ற எண்ணம் கடுகளவும் கிடையாது. இதை நான் அவளைக் கேட்காமலே உறுதியாகச் சொல்ல முடியும். ஆகையால் தாங்கள் ஞாயிற்றுக்கிழமை பயணத்தை ரத்து செய்து, அடுத்த கடிதத்தை "மாப்ளே" என்று ஆரம்பித்து எழுத வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். வேம்புவின் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம், மூக்கு விஷயத்தில் தங்களுக்கு என் மனமார்ந்த ஒப்புதல்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கட்டுப்படாத,
பலராமன்

பி.கு.: கவரை ஒட்டறதுக்கு முன்னாடி எழுத்துப் பிழை பாக்கச் சொல்லி செல்வாம்பாள்கிட்ட குடுத்தேன். பிழை ஒண்ணுமில்லையாம். "கேக்காமலே உறுதியாச் சொல்வேன்னு எழுதியிருக்கீங்க, அதையேதான் மறுபடியும் பண்றீங்க"ன்னா. அப்புறம், "பதினஞ்சு நாளா எல்லாரும் எனக்கு நல்லதே பண்றீங்க, எனக்கு மூச்சு முட்டுது. அண்ணன் வூட்டுக்குப் போய் ஒரு மாசம் அவரோட நல்லா சண்டை போட்டுட்டு வரேன். ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரச் சொல்லி எழுதுங்க"ன்னா. சிஸ்டரைக் கேட்டேன், கார்ல மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாதுன்னுட்டாங்க. அதனால மேல எழுதினதை எல்லாம் விட்டுட்டு, வரும்போது ஒரு வாடகைக் கார் பேசிக்கிட்டு வாங்க. அக்காவும் கூட வர்றாளாம். எனக்கும் பத்து நாள் லீவு பாக்கி இருக்கு. நானும் வரலாமான்னு ஒரு வார்த்தை எழுதுங்க. எழுதலேன்னாலும் வரேன்.